இடமில்லாத டிஸ்க்கில் டிஃப்ராக்: ஒரு ஸ்டூடியோ கணினியின் நிகழ்வு ஆய்வு

கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்யும் ஸ்டூடியோ. எடிட்டிங் கணினியில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்: 1 டெராபைட், மூன்றரை அங்குலம், நிமிடத்துக்கு 7200 சுற்று. ராம் 8 ஜிபி, விண்டோஸ் 10. டிஸ்க்கை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். சி டிரைவ் 150 ஜிபி, டி டிரைவ் 781 ஜிபி. லேபிளில் 1 டெராபைட் என்று இருந்தாலும் விண்டோஸ் கணக்கில் மொத்தம் 931 ஜிபிதான் வரும். சி-யில் 8 ஜிபி காலி, டி-யில் 31 ஜிபி காலி.

இந்த மாதிரிக் கடைகளில் சேர்ந்தே வரும் கோளாறுகளை ஒரே கணினியில் வைத்துப் பார்க்க எடுத்துக்கொண்ட மாதிரி நிகழ்வு இது. கீழே வரும் நேரக் கணக்குகள் டிஸ்க்கின் சுழற்சி வேகத்தையும், அதைப் படித்து எழுதும் முனையான ஹெட் நகரும் நேரத்தையும் வைத்துப் போட்டவை.

புகார்கள் மூன்று. காலையில் கணினி ஆன் ஆகி வேலைக்குத் தயாராக வெகுநேரம் ஆகிறது. புதிதாக ஏற்றிய வீடியோக்கள் ஓட்டும்போது திக்கித் திக்கி நிற்கின்றன, பெரிய ஆல்பம் ஃபைல்கள் திறக்க மாட்டேன் என்கின்றன. மெமரி கார்டிலிருந்து காப்பி போட்டால் தொடக்கத்தில் வேகமாகப் போய்ப் பாதியில் படுத்துவிடுகிறது. "ஒரு தடவை டிஃப்ராக் போட்டு விடுங்க சார், சரியாயிடும்" என்பதுதான் இப்படிப்பட்ட கடைகளில் முதலில் கேட்கும் பேச்சு. டிஃப்ராக் என்றால் டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிய ஃபைல்களை ஒன்றுசேர்த்து எழுதும் வேலை. மூன்றில் ஒன்றுக்கு அது நல்ல மருந்து. இன்னொன்றுக்கு ஓரளவு கேட்கும். மூன்றாவதுக்குச் சுத்தமாகக் கேட்காது. எது எதற்கு என்று பிரித்தறிவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

முதலில் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா

டிஃப்ராக் என்பது டிஸ்க்கில் உள்ள ஃபைல்களைத் துண்டு துண்டாகப் படித்து வேறு இடத்தில் திரும்ப எழுதும் வேலை. மணிக்கணக்கில் ஹெட் ஓயாமல் ஆடும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் இதை ஓட்டினால், இன்னும் சில நாள் தாங்கியிருக்கக்கூடியது அன்றைக்கே போய்விடலாம். அதனால் முதலில், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்க வேண்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அது மூல மதிப்புகளைப் பதினாறடிமான எண்ணில் காட்டும். ஃபங்ஷன் மெனுவில் போய் அதைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 10 என்று தெரிவது உண்மையில் 16 ஆக இருக்கும்.

பார்க்க வேண்டியவை நான்கு வரிகள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 என்பது சரிசெய்யவே முடியாமல் போனவை. சி7 என்பது கேபிள் வழியில் வந்த பிழைகள். சி5 பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் டிஃப்ராக் பேச்சே கிடையாது. இருக்கும் டேட்டாவை வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, புது டிஸ்க் வாங்குவதுதான் அடுத்த வேலை. சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது. அது மேலும் ஏறாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. அங்கே டிஸ்க் என்ற மூலத்திலிருந்து 7 என்ற எண்ணில் பதிவு வந்திருந்தால் கெட்ட பிளாக் இருக்கிறது என்று பொருள். 153 என்றால் ஒரு தடவை கேட்டுக் கிடைக்காமல் மறுபடி கேட்டிருக்கிறது. கெட்டுவரும் டிஸ்க்கும் சிதறிய டிஸ்க்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இழுக்கும், டாஸ்க் மேனேஜரில் இரண்டிலும் டிஸ்க் உபயோகம் 100 சதவீதம் என்றே காட்டும். இந்த இடத்தில் குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

நம் நிகழ்வில் நான்கு வரிகளும் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியும் பேக்கப் எடுக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. வாடிக்கையாளரின் கல்யாணப் படங்களை இன்னொரு தடவை எடுக்க முடியாது.

துண்டாவது எப்படி, அதனால் எவ்வளவு நேரம் போகிறது

ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 60,000 மில்லி வினாடியை 7200-ஆல் வகுத்தால் 8.33 மில்லி வினாடி. வேண்டிய செக்டர் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லி வினாடி காத்திருக்க வேண்டும். ஹெட் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர சராசரி 9 மில்லி வினாடி என்று வைத்தால், ஒவ்வொரு தாவலுக்கும் 13 மில்லி வினாடி செலவாகிறது. அந்த நேரத்தில் ஒரு பைட்கூடப் படிக்கப்படுவதில்லை.

இப்போது 4 ஜிபி வீடியோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். துண்டில்லாமல் ஒரே நீளமாக இருந்தால், நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 27 நொடியில் படித்துவிடலாம். அதே ஃபைல் 64 மெகாபைட் துண்டுகளாக இருந்தால் 64 தாவல்கள், கூடுதல் செலவு ஒரு நொடிக்கும் குறைவு. 8 மெகாபைட் துண்டுகளாக இருந்தால் 512 தாவல்கள், ஏறக்குறைய 7 நொடி. கால் மெகாபைட் துண்டுகளாகிவிட்டால் 16,384 தாவல்கள், மூன்றரை நிமிடத்துக்கு மேல். 27 நொடி வேலை நான்கு நிமிடம் ஆகிறது. துண்டுகள் அக்கம்பக்கத்தில் இருந்தால் ஹெட் நகரும் நேரம் இதைவிடக் குறையும், ஆனால் விகிதம் புரிவதற்கு இந்தக் கணக்கு போதும். எத்தனை ஃபைல் துண்டாகியிருக்கிறது என்பதைவிட ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சிறியது என்பதே வேகத்தை முடிவு செய்கிறது. விண்டோஸ் தன் டிஃப்ராக் அறிக்கையில் 64 மெகாபைட்டுக்கு மேலான துண்டுகளைக் கணக்கிலேயே சேர்க்காததற்குக் காரணமும் இதுதான். அவற்றை ஒட்டவைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

அவ்வளவு சிறிய துண்டுகள் எங்கிருந்து வந்தன? டி டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருந்த நாளில் நீளமான காலியிடம் எப்போதும் கிடைத்தது. இன்றைக்கு 781-இல் 31 ஜிபி, அதாவது 4 சதவீதம்தான் மிச்சம். அந்த 31 ஜிபியும் ஒரே இடத்தில் இல்லை. பழைய படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்ததில் ஒவ்வொரு படத்துக்கும் 5, 8 மெகாபைட் அளவு ஓட்டைகள். முன்னோட்டப் படங்களும் சிறுபடங்களும் அழிந்த இடத்தில் சில நூறு கிலோபைட் ஓட்டைகள். புதிதாக வரும் 4 ஜிபி ஃபைல் இந்த ஓட்டைகளில்தான் புகுந்தாக வேண்டும்.

இதோடு ஸ்டூடியோவின் வேலைமுறையும் சேர்ந்துகொள்கிறது. எக்ஸ்ப்ளோரரில் காப்பி போடும்போது ஃபைலின் முழு அளவு முன்கூட்டியே தெரியும், அதனால் அந்த அளவுக்கு இடம் தேட, விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸால் முடிகிறது. வீடியோ எக்ஸ்போர்ட் அப்படி இல்லை. ஃபைல் எவ்வளவு நீளும் என்று தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே போகும். எக்ஸ்போர்ட் ஓடும்போதே பக்கத்தில் மெமரி கார்டு காப்பியும் போட்டால், இரண்டு ஃபைல்களும் ஒன்றின் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றின் துண்டு என மாறி மாறி எழுதப்படும். கல்யாண சீசனில் இது தினமும் நடக்கும்.

விண்டோஸ் தானாகவே வாராவாரம் டிஃப்ராக் செய்யுமே என்று கேட்கலாம். செய்யும், ஆனால் தானியங்கிப் பராமரிப்புக்கான இயல்பு நேரம் அதிகாலை 2 மணி, அதுவும் கணினி சும்மா இருக்கும்போது. இங்கே பகல் முழுக்க வேலை, கடை சாத்தும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்கள். விண்டோஸின் டிஃப்ராக் சாளரமான ஆப்டிமைஸ் டிரைவ்ஸில் கடைசியாக ஓடிய தேதியைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்கும் ஒரு சோதனை

வெளி டிஸ்க் ஒன்றை யுஎஸ்பி 3 முனையில் செருகுங்கள். டி டிரைவில் இடம் தாராளமாக இருந்த காலத்து வீடியோ ஒன்றையும், போன மாதம் ஏற்றிய வீடியோ ஒன்றையும் தனித்தனியாக வெளியே காப்பி போட்டு, டாஸ்க் மேனேஜரில் வேகத்தைக் கவனியுங்கள். பழையது நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் ஓடி, புதியது 20, 30-இல் தவழ்ந்தால் சிதறல்தான் காரணம். இரண்டும் தவழ்ந்தால் கேபிள், யுஎஸ்பி முனை, ஆன்டிவைரஸ், அல்லது டிஸ்க்கே. டிஸ்க்கின் வெளித் தடங்களில் வேகம் அதிகம், உள் தடங்களில் ஏறக்குறைய பாதிதான் வரும். ஆகவே ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தால் அதைச் சிதறல் என்று சொல்லிவிட முடியாது, ஐந்து மடங்கு இருந்தால் சொல்லலாம்.

அடுத்து அறிக்கை. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஃப்ராக் டி: /ஏ /வி (defrag d: /a /v) என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தால், எதையும் நகர்த்தாமல் ஆராய்ந்து மட்டும் சொல்லும். சாளரத்தில் தெரியும் ஒற்றைச் சதவீதத்தை நம்பிவிட வேண்டாம். அது டிரைவ் முழுவதற்கும் சேர்த்து வருவது. நாலு வருஷமாகத் தொடாத படங்களெல்லாம் ஒழுங்காக இருப்பதால் சதவீதம் குறைவாகத் தெரியும், இன்று வேலை செய்யும் ஃபைல்கள் மட்டும் கந்தலாகிக் கிடக்கும். அறிக்கையில் நம் கண் போக வேண்டிய இடம் மிகப் பெரிய ஒற்றைக் காலியிடம் எவ்வளவு என்ற வரி. 31 ஜிபி காலி இருந்தும் அந்த வரியில் சில நூறு மெகாபைட்தான் என்று வந்தால், அடுத்து எழுதப்போகும் எந்தப் பெரிய ஃபைலும் துண்டாகாமல் தப்பாது.

ஒரு குறிப்பிட்ட ஃபைல் எத்தனை துண்டு என்று தெரிய மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் கான்டிக் என்ற சின்னக் கருவி உண்டு. -ஏ என்ற தேர்வோடு ஓட்டினால் எண்ணிச் சொல்லும், அந்தத் தேர்வு இல்லாமல் ஓட்டினால் அந்த ஒரு ஃபைலை மட்டும் ஒட்டவைக்கும். நாளைக்கு டெலிவரி, இரவு முழுக்க டிஃப்ராக் ஓட்ட நேரமில்லை என்ற நிலையில் திட்டத்தின் ஃபோல்டரை மட்டும் இதனால் சரிசெய்துகொள்ளலாம்.

இடம் பண்ணுவது

முழுதாக டிஃப்ராக் ஆக 15 சதவீதம் காலியிடம் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு. டி டிரைவுக்கு அது 117 ஜிபி. இருப்பது 31. ஆக இன்னும் 86 ஜிபி வெளியேற வேண்டும். சி டிரைவுக்கு 22.5 ஜிபி வேண்டும், இருப்பது 8. இந்த வேலையைச் செய்யாமல் பொத்தானை அழுத்துவதால்தான் "ராத்திரி முழுக்க ஓட்டினேன், ஒன்றும் மாறவில்லை" என்ற பேச்சு வருகிறது. ஒரு பெரிய ஃபைலைச் சேர்த்து வைக்க, அதன் அளவுக்குத் தொடர்ச்சியான காலியிடம் எங்காவது முதலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கருவி சில துண்டுகளை இங்குமங்கும் தள்ளிவிட்டு முடித்துக்கொள்ளும்.

டி-யில் வழி சுலபம். பணம் வாங்கி முடித்த பழைய ஆல்பங்களை இரண்டு வெளி டிஸ்க்குகளில் ஏற்றி, இரண்டிலும் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, பிறகே இங்கே அழிக்க வேண்டும். அழித்ததும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

சி-யில் தேட வேண்டியவை வேறு. வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் சேர்த்துவைக்கும் தற்காலிக ஃபைல்களான மீடியா கேஷ், யாரும் தானாகப் போய்ப் பார்க்காத இடத்தில் ஜிபி ஜிபியாகச் சேர்ந்திருக்கும். அது இயல்பாகவே சி டிரைவில் பயனர் ஃபோல்டருக்குள் போய் உட்கார்கிறது. பிரிஃபரன்ஸஸில் மீடியா கேஷ் பகுதியிலேயே அழிக்கவும் இடம் மாற்றவும் வழி இருக்கிறது. போட்டோஷாப் வேலையின் நடுவே செத்துப்போனால் அதன் தற்காலிக ஃபைல்கள் அழியாமல் தங்கிவிடும், அவையும் பெரியவை. டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துச் சுத்தம் செய்தால் பழைய விண்டோஸ் அப்டேட் குப்பை போகும். ஹைபர்னேட் பயன்படுத்தாத கணினியில் பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் (powercfg /h off) என்ற கட்டளை, 8 ஜிபி ராமுக்கு ஏறக்குறைய 3.2 ஜிபி ஹைபர்னேஷன் ஃபைலை நீக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இடம் போதாமல் போகும்போது டிரைவின் ப்ராபர்ட்டீஸில் "இடத்தை மிச்சப்படுத்த இந்த டிரைவை அழுத்து" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜேபெக் படமும் வீடியோவும் ஏற்கெனவே அழுத்தப்பட்டவை, அவற்றில் மிச்சம் ஒன்றும் கிடைக்காது. மற்ற ஃபைல்களையோ என்டிஎஃப்எஸ் 64 கிலோபைட் அலகுகளாக வெட்டி அழுத்துகிறது. சிதறலுக்கு இதைவிட நல்ல விதை கிடையாது. போட்ட டிக்கை எடுக்க வேண்டும், எடுக்கும்போது ஃபைல்கள் விரியும், அதற்கும் இடம் வேண்டும். அதனால் இடம் பண்ணிய பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

ஓட்டுவது

முதலில் செக்டிஸ்க் டி: /எஃப் (chkdsk d: /f) ஓட்டி ஃபைல் சிஸ்டம் பிழைகளைச் சரிசெய்யுங்கள். டிரைவில் பிழை இருக்கலாம் என்று விண்டோஸ் குறி வைத்திருந்தால் டிஃப்ராக் தொடங்கவே மறுக்கும். சி டிரைவுக்கு அடுத்த ரீஸ்டார்ட்டில் ஓட அனுமதி கேட்கும், ஒய் கொடுக்க வேண்டும்.

கணினி தூங்கப் போகும் அமைப்பை அணைத்துவிடுங்கள். எடிட்டிங் மென்பொருள்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் ஃபைல்கள் போய்விடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. கருவி முதலில் டேட்டாவைப் புது இடத்தில் எழுதி, பிறகே ஃபைலின் முகவரியை மாற்றுகிறது, அந்த மாற்றத்தை என்டிஎஃப்எஸ் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. அதனால் பொதுவாக ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, நிறுத்து பொத்தானை எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம். யுபிஎஸ் கேட்பது சுழலும் டிஸ்க்கின் நலனுக்காக.

கட்டளை: டிஃப்ராக் டி: /யூ /வி. யூ என்பது எவ்வளவு முடிந்தது என்று காட்ட. இது முடிந்த பிறகு டிஃப்ராக் டி: /எக்ஸ் /யூ. எக்ஸ் காலியிடங்களை ஒன்று சேர்க்கிறது. பெரிய ஃபைல்கள் தினமும் வரும் இடத்தில் இந்த இரண்டாவது சுற்றுதான் நாளைய சிதறலைத் தள்ளிப்போடும், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். முதல் சுற்று 100 சதவீதம் காட்டிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் பயப்பட வேண்டாம், பல பாஸ்களாகத்தான் அது வேலை செய்யும். கடை சாத்தும்போது தொடங்கிக் காலையில் பார்ப்பதே நல்லது. ஓடும்போதே ஆல்பம் வேலையும் பார்த்தால், ஹெட் இரண்டு பக்கமும் அலைந்து இரண்டு வேலையும் கெடும்.

சி டிரைவில் இன்னொன்று. கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் இயக்கத்தில் இருந்து, ஃபைலுக்கு இடம் ஒதுக்கும் அலகான கிளஸ்டர் 4 கிலோபைட்டாகவும் இருந்தால், டிஃப்ராக் நகர்த்தும் டேட்டாவை விண்டோஸ் புது மாற்றமாகக் கருதி, ரீஸ்டோருக்கென வைத்திருக்கும் பழைய பிரதிகளான ஷேடோ காப்பியில் சேர்க்கலாம். அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பிப் பழைய ரீஸ்டோர் பாயின்ட்கள் காணாமல் போகும். முக்கியமான ரீஸ்டோர் பாயின்ட் ஏதாவது இருந்தால் முதலில் யோசியுங்கள். ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் துண்டாகியிருந்தால் அதற்காக மெனக்கெட வேண்டாம், அதில் நடக்கும் படிப்பும் எழுத்தும் எப்படியும் சிறுசிறு துண்டுகளாகத்தான் நடக்கிறது.

டி டிரைவில் டேட்டா மட்டும்தான் என்றால் டிஃப்ராக்கைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, குவிக் ஃபார்மட் செய்து, திரும்ப ஏற்றுவது. காலி டிரைவில் ஃபைல்கள் ஒன்றன் பின் ஒன்றாக நீளமாக உட்காரும். ஒரே ஒரு காப்பியை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள், ஃபார்மட் செய்த நொடியில் அந்த ஒன்றுதான் உலகத்திலேயே மிஞ்சியிருக்கும்.

தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருந்தால் இந்த வழிதான் சரி. அந்த வகையில் ஒரு இடத்தை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. டிஃப்ராக் செய்வதோ இடம் மாற்றி எழுதுவதை மட்டும்தான், ஆகவே டிஸ்க் மணிக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பலர் மாடல் எண்ணைத் தேடிப் பார்க்கவே தொடங்கினார்கள். ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் விவரத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எது சரியாகும், எது ஆகாது

வீடியோ திக்குவதும் ஆல்பம் ஃபைல் திறக்கத் திணறுவதும் தீரும். பெரிய ஃபைல், தொடர்ச்சியாகப் படிக்கும் வேலை, டிஃப்ராக் பலிக்கும் இடமே அதுதான். மெமரி கார்டு காப்பி பாதியில் படுப்பது பெருமளவு சரியாகும், ஆனால் அதைச் சரியாக்குவது காலியிடம் கூடியதும் எக்ஸ் சுற்றும். தொடக்கத்தில் வேகமாகத் தெரிந்தது ராமில் தற்காலிகமாகச் சேர்ந்ததால். ராம் நிறைந்ததும் டிஸ்க்கின் உண்மை வேகம் வெளியே வந்தது.

காலையில் ஆன் ஆகும் நேரம் பெரிதாக மாறாது. விண்டோஸ் தொடங்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் வேண்டும், ஒவ்வொன்றும் துண்டில்லாமலே இருந்தாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஹெட் தாவித்தான் ஆக வேண்டும். இதற்குத் தீர்வு சி டிரைவை, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றுவது. அதோடு போட்டோஷாப்பின் தற்காலிக வேலையிடமான ஸ்கிராட்ச் டிஸ்க்கும் அங்கே போனால், படத்தைப் படிக்க ஒரு பக்கமும் ஸ்கிராட்ச் எழுத இன்னொரு பக்கமும் ஒரே ஹெட் ஓடும் தொல்லையும் ஒழியும். டிஃப்ராக்கால் அதை ஒருநாளும் ஒழிக்க முடியாது.

எஸ்எஸ்டியில் ஹெட் கிடையாது, சுழற்சி கிடையாது. 13 மில்லி வினாடி கணக்கே அங்கே பொருந்தாது. டிஃப்ராக் செய்தால் எழுதும் ஆயுள்தான் குறையும். விண்டோஸ் அதற்கு, எந்த இடங்கள் இனி வேண்டாம் என்று சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்பும், அது வேறு வேலை, அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் சாளரத்தில் மீடியா வகை என்ற நெடுவரிசையைக் கட்டாயம் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து குளோன் செய்த எஸ்எஸ்டியோ, யுஎஸ்பி பெட்டிக்குள் போட்ட எஸ்எஸ்டியோ சில நேரம் ஹார்ட் டிஸ்க் என்றே தெரியும். 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில், கடைசியாக எப்போது ஓடியது என்பதை இந்தக் கருவி ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் மறந்துவிட்டு, தேவைக்கு மேல் அடிக்கடி வேலையைத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில்தான் அது சரியானது.

வேலை முடிந்ததும் அதே அறிக்கையைத் திரும்ப எடுங்கள். சதவீதத்தைவிட மிகப் பெரிய ஒற்றைக் காலியிடம் ஜிபி கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முதலில் தவழ்ந்த அதே வீடியோவை வெளி டிஸ்க்குக்கு மறுபடி காப்பி போட்டு வேகத்தை ஒப்பிடுங்கள். பிறகு ஸ்மார்ட்டில் சி5-ஐ இன்னொரு தடவை பாருங்கள், டிஸ்க் நெடுக நடந்த இந்த உழைப்பில் புதிதாக ஏதாவது வெளிவந்திருந்தால் அங்கே தெரியும்.

கடைக்குச் சொல்லிவிட்டு வர வேண்டியது: பராமரிப்பு நேரத்தை அதிகாலை 2 மணியிலிருந்து, கணினி ஆன் ஆகியும் யாரும் தொடாத மதிய உணவு நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் செக்யூரிட்டி அண்ட் மெயின்டெனன்ஸ் பகுதியில் அதற்கு வழி இருக்கிறது. எக்ஸ்போர்ட் ஓடும்போது கார்டு காப்பி வேண்டாம். டி டிரைவில் காலியிடம் 117 ஜிபிக்குக் கீழே இறங்கினால், டெலிவரி முடிந்த ஆல்பங்களில் பழையதை அந்த வாரமே வெளி டிஸ்க்குகளுக்கு மாற்றிவிட வேண்டும்.